பாடகர் நீங்கிய பின்னர்

ஒரு பாடசாலையிலே பாட்டு நின்றுபோனால் அதனை முதலில் உணர்பவர் அதிபரே. காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குச் செல்லும் வேளையிலே மண்டபத்தின் மூலையிலிருந்து எழும் சுருதிப்பெட்டியின் ஒலி ஒருநாள் எழுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையிலே அவ்வாறு நிகழ்ந்தது. நீண்டகாலம் எம்மோடிருந்த சங்கீத ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவர் சென்ற கையோடு பாடகர் குழுவும் கலைந்துவிட்டது. பிள்ளைகள் இருந்தார்கள், வாத்தியங்கள் இருந்தன, பாட்டு மட்டும் இல்லை.

அந்நாட்களிலே என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். மேலைநாட்டு இசையிலே ஈடுபாடு உடையவர். என் மனக்குறையைக் கேட்டபின், ஓர் ஆங்கில இசைத்தட்டின் பதிவை என்னிடம் தந்து, "இது ஒரு குழுவினர் தங்களுடைய பாடகர் விலகிப்போன பிறகு செய்தது, சேர். ஒருக்காற் கேட்டுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டேன். பின்னர் அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இங்கிலாந்தின் சறே பகுதியிலே, கோடல்மிங் என்னும் சிறு நகரத்தின் அருகே, சாட்டர்ஹவுஸ் என்னும் விடுதிப் பாடசாலை அமைந்திருக்கிறது. 1611ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நிறுவப்பெற்று, 1872இலே இவ்விடத்துக்குப் பெயர்ந்த பழம்பெருங் கல்விக்கூடம் அது. 1960களின் நடுப்பகுதியிலே அங்கே மாணவர் இசைக்குழுக்கள் இரண்டு இருந்தன. ஒன்றிலே பீற்றர் கேப்ரியல், ரோனி பாங்ஸ், கிறிஸ் ஸ்டுவட் ஆகியோர் இருந்தனர். மற்றதிலே அந்தனி பிலிப்சும் மைக் றதபோட்டும் இருந்தனர். 1967இலே இவ்விரு குழுவினரும் ஒன்றுகூடினர். பாட்டு இயற்றிப் பிறருக்குக் கொடுப்பதே முதலில் அவர்களுடைய நோக்கமாக இருந்தது. அதே பாடசாலையிலே முன்னர் பயின்று இசைத்துறையிலே பெயர் பெற்றிருந்த ஒருவர் அவர்களுக்கு ஆதரவளித்து, 'ஜெனசிஸ்' என்னும் பெயரையும் சூட்டினார். விவிலியத்தின் முதல் நூலுக்குரிய பெயர் அது. 1969இலே வெளிவந்த முதல் இசைத்தட்டின் தலைப்பும் விவிலியத்தைச் சார்ந்தே அமைந்தமையால், கடைக்காரர் அதனைச் சமயப் பாடல்களோடு சேர்த்து வைத்துவிட்டனர் என்று குழுவினர் பின்னாளிலே நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. தட்டு விலைபோகவில்லை. பிள்ளைகள் மனந்தளரவுமில்லை.

அவர்கள் கைக்கொண்ட இசைவகையைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். அக்காலத்து இங்கிலாந்திலே றொக் இசை பெரும்பாலும் மூன்று நிமிடப் பாட்டாகவே இருந்தது; ஆடுதற்கு ஏற்ற அடியும், எளிதில் மனத்திற் பதியும் பல்லவியும் அதற்குப் போதும். 1960களின் இறுதியிலே இளைஞர் சிலர் இந்த எல்லையைக் கடக்க முயன்றனர். ஐரோப்பியச் சாஸ்திரீய இசையின் பல பகுதிகளைக் கொண்ட நெடிய அமைப்பையும், தேவாலயப் பாடல்களின் சுரச்சேர்க்கையையும், நாட்டார் கதைகளையும் றொக் இசையினுட் கொணர்ந்தனர். இதனையே புரோகிரெசிவ் றொக், அஃதாவது முற்போக்கு றொக் இசை என்றனர். 1972இலே ஜெனசிஸ் குழுவினர் பதிவுசெய்த ஒரு பாட்டு, ஏழு பகுதிகளாக விரிந்து, ஏறத்தாழ 23 நிமிடம் நீடிக்கிறது. நம் கச்சேரிகளிலே ஓர் இராகத்தை விரிவாகக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்நீளம் வியப்பளிக்காது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியவர்களுக்கோ அது பெருந்துணிவாகவே தோன்றியது.

இக்குழு முதன்முதலாக இழந்தது கேப்ரியலை அன்று. 1970இலே, இரண்டாவது இசைத்தட்டின் பதிவு முடிந்த தறுவாயிலே, அந்தனி பிலிப்ஸ் விலகினார். மேடைக்கு ஏறும்போது அவரை ஆட்கொண்ட அச்சமும், உடல்நலக் குறைவும் அதற்குக் காரணங்களாயின. கிற்றார் வாசித்தவர் அவர். குழுவின் தொடக்ககாலப் பாடல்கள் பலவற்றுக்கு ஊற்றாக விளங்கியவரும் அவரே. மற்றவர்கள் கலைந்துவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு வந்தனர். எனினும் தொடர்வதென்று துணிந்து, புதிய மேளக் கலைஞர் ஒருவரையும் தேடினர். அத்தேர்வு கேப்ரியலின் பெற்றோர் இல்லத்திலே நடைபெற்றது. ஃபில் கொலின்ஸ் என்னும் 19 வயது இளைஞர் தம் முறை வரும்வரை அவ்வீட்டு நீச்சற்குளத்திலே நீந்திக்கொண்டிருந்தார். தமக்கு முன் வந்தவர்கள் வாசித்ததைக் குளத்திலிருந்தபடியே கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார். தம் முறை வந்தபோது தடையின்றி வாசித்துக் காட்டினார். 1971இன் தொடக்கத்திலே ஸ்டீவ் ஹக்கெற் என்னும் கிற்றார் கலைஞரும் வந்து சேர்ந்தார். கேப்ரியல், பாங்ஸ், றதபோட், கொலின்ஸ், ஹக்கெற் என ஐவராக அமைந்த குழுவே அடுத்த நான்கு ஆண்டுகள் புகழ் ஈட்டியது.

அப்புகழின் முகமாக விளங்கியவர் கேப்ரியல். 1972ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே டப்ளின் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் நடுவே, எவருக்கும் முன்னறிவித்தல் இன்றி, மனைவியின் சிவப்பு ஆடையை உடுத்து, நரித்தலை முகமூடியொன்றை அணிந்து மேடையிலே தோன்றினார். உடன் வாசித்தவர்களே திகைத்தனர். மறுநாள் தொடக்கம் பத்திரிகைகள் குழுவைப் பேசத் தொடங்கின. பின்னர் மலர்முகம், கிழவர் முகம் என வேடங்கள் பெருகின. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலே விந்தைக் கதைகள் சொல்லி அவையோரை வயப்படுத்துவதும் அவருக்குக் கைவந்த கலை. நம்மூர்க் கூத்திலே கட்டியங்காரன் வந்தவுடன் எல்லாக் கண்களும் அவன்மேற் செல்வதுபோலக் கண்கள் யாவும் அவர்மேற் சென்றன. பின்வரிசையிலே அமர்ந்து வாசித்தவர்களை நோக்குவார் அரிதாயினர். பாட்டெல்லாம் கேப்ரியல் இயற்றுவதே என்று மக்கள் நம்பினர். குழுவினரோ எல்லாப் பாடல்களையும் ஐவரின் பெயரால் ஒன்றாகவே வெளியிட்டு வந்தமையால், அந்நம்பிக்கையை மறுக்கச் சான்றும் இருக்கவில்லை.

1974இலே அவர்கள் ஒரு நெடுங்கதையை இரட்டை இசைத்தட்டாக இயற்ற முற்பட்டனர். நியூயோர்க் நகரத் தெருவிலே அலையும் ஓர் இளைஞனின் கதை அது. பாடல்வரிகளைத் தாமே எழுதவேண்டும் என்று கேப்ரியல் வற்புறுத்தினார். ஏறக்குறைய முழுவதையும் எழுதினார். ஏனையோர் ஹம்ப்ஷயர் பகுதியிலுள்ள பழைய மனையொன்றிலே ஓர் அறையிலிருந்து இசையமைக்க, அவர் வேறோர் அறையிலிருந்து எழுதினார். அதே வேளையிலே ஹொலிவூட்டின் புகழ்பெற்ற நெறியாளர் ஒருவர் தம் திரைப்படத்துக்குக் கதை எழுத அவரை அழைத்தார். அதனை ஏற்று அவர் சில நாட்கள் குழுவை விட்டு நீங்கியும் திரும்பினார். அவ்வாண்டு யூலையிலே அவருடைய முதற் குழந்தை பிறந்து, உயிருக்குப் போராடிப் பல வாரங்கள் மருத்துவக் கண்காணிப்பிலே இருந்தது. தந்தையின் மனம் மருத்துவமனையிலே இருந்தது. இசைத்தட்டு எப்பொழுது முடியும் என்ற கவலை மற்றவர்களை வாட்டியது. பல ஆண்டுகள் கழிந்தபின், அன்று நண்பனின் துயரை உணரத் தவறிவிட்டோம் என்று அவர்கள் வருந்தியிருக்கின்றனர்.

இரட்டைத் தட்டு 1974 நவம்பரில் வெளிவந்தது. அதனை மேடையேற்றும் நெடும்பயணமும் அம்மாதமே அமெரிக்காவிலே தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலே, கிளீவ்லாண்ட் நகரில், பயணம் முடிந்தபின் தாம் விலகப்போவதாகக் கேப்ரியல் நண்பர்களுக்குச் சொன்னார். பயணம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது! வெளியார் எவருக்கும் அறிவியாமல், ஏறத்தாழ 100 நிகழ்ச்சிகளை அவர்கள் இந்த இரகசியத்தை நெஞ்சிலே சுமந்தபடி நடத்தி முடித்தனர். 1975 ஓகஸ்ட் மாதத்திலே செய்தி வெளியாயிற்று. கேப்ரியல் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் விரும்பிக் கட்டிய அமைப்பே தம்மைக் கட்டிப்போட்டுவிட்டது என்பதும், குடும்பத்தோடும் தோட்டத்தோடும் வாழ விரும்புகிறார் என்பதும் அதன் சாரம். எவர்மேலும் அவர் குறைகூறவில்லை.

பத்திரிகைகள் குழுவின் கதை முடிந்தது என்றே எண்ணின. அவ்வாறு எண்ணியவர்களைக் குற்றஞ்சொல்வதற்கில்லை. குரல் அவருடையது, முகம் அவருடையது, கதை அவருடையது. போதாக்குறைக்குப் பெருஞ்செலவில் நடத்திய அந்தப் பயணம் குழுவின் தலைமேல் பெருங்கடனையும் ஏற்றிவிட்டிருந்தது. எஞ்சிய நால்வரிடமும் இருந்தவை ஒரு பெயரும், ஒரு கடனும், தங்களால் இயலும் என்ற எண்ணமும் மட்டுமே.

1975 யூலையிலே, இலண்டனின் மேற்குப் புறத்திலுள்ள அக்டன் என்னும் இடத்திலே, கட்டடமொன்றின் நிலவறையிலே அவர்கள் கூடினர். ஹக்கெற் தம் தனி இசைத்தட்டின் வேலையிலே இருந்தமையால் முதற் சில நாட்கள் வரவில்லை. பாங்ஸ், றதபோட், கொலின்ஸ் ஆகிய மூவரே வாசிக்கத் தொடங்கினர். அந்தச் சில நாட்களிலேயே இரண்டு பாடல்களின் உடல் உருவாகிவிட்டது. அவற்றுள் ஒன்று 'எரிமலைமேல் நடனம்' எனப் பொருள்படும் பாட்டு. ஏழு எண்ணிக்கையிலே, நம் மிச்ர சாபு போல நொண்டி நடந்து முன்னேறுவது. கணக்கு முடியும் இடத்தை எதிர்பார்த்திருக்கும் செவியை ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் சற்றே ஏமாற்றி இழுத்துச் செல்வது. அதனைக் கேட்டபோது, இசை தம்மிடமே இருந்தது என்று அவர்கள் அறிந்துகொண்டனர்.

இசை இருந்தது; பாடுதற்கு ஆள் இல்லை. பத்திரிகையிலே பெயர் குறிப்பிடாது ஒரு விளம்பரம் செய்தனர். ஏறத்தாழ 400 பேர் விண்ணப்பித்தனர் என்பர். வாரந்தோறும் சிலரை அழைத்துப் பாடச் செய்தனர். வந்தவர்களுக்குப் பாட்டு இன்னவாறு போகும் என்று பாடிக் காட்டும் பொறுப்பு மேளக்காரராகிய கொலின்சுக்கு வந்தது. அவர் பாடிக் காட்டினார், வந்தவர் பாடினார், சென்றார். மறுநாளும் அவ்வாறே. இவ்வண்ணம் மாதங்கள் கழிந்தன. பாடகர் ஒருவரைக் காணாமலேயே ஒக்டோபரில் இலண்டன் ட்றைடன்ற் ஒலிப்பதிவுக் கூடத்திலே பதிவு தொடங்கியது. இறுதியாகத் தெரிந்தெடுத்த ஒருவரை அழைத்துப் பாடச் செய்தபோது, சுருதி அவர் குரலுக்குச் சற்றும் பொருந்தவில்லை. அதே பாட்டைத் தாம் முயன்று பார்க்கலாமா என்று கொலின்ஸ் கேட்டார். பாடினார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் நோக்கினர். தேடுதல் அவ்விடத்திலே முடிந்தது.

நேயர்களே, இவ்விடத்திலே சற்று நின்று சிந்திக்கலாம். கொலின்ஸ் திடீரென வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். 13 வயதிலே இலண்டன் நாடக மேடையிலே 'ஒலிவர்' என்னும் இசைநாடகத்திற் குறும்புக்காரச் சிறுவன் பாத்திரமேற்று நடித்தவர். ஐந்தாண்டுகளாகக் கேப்ரியலின் பின்னின்று துணைக்குரல் பாடியவர். தனித்துப் பாடிய பாட்டுகளும் இரண்டு இருந்தன. அவற்றுள் 1971இலே பாடிய முதற் பாட்டின் தலைப்பு, 'இங்கில்லாத நண்பர்களுக்காக' என்னும் பொருளது. முதியோர் இருவரைப் பற்றிய சிறு பாட்டு அது. எதிர்காலம் அறிந்து இட்ட தலைப்பன்று. எனினும் இன்று அதனைக் கேட்கும்போது மனம் வேறொன்றை எண்ணாமல் இராது. 400 விண்ணப்பங்களிலே தேடிய குரல், தேர்வு நடந்த அறையிலேயே மேளத்தின் பின்னே அமர்ந்திருந்தது. அதனை அவர்களே அறிந்திலர். கொலின்ஸ்தாமும் மேளத்தை விட்டு எழ விரும்பினாரில்லை.

1976 பெப்ரவரியிலே இசைத்தட்டு வெளிவந்தது. 'எ ட்றிக் ஒவ் த ரெயில்' என்பது அதன் பெயர். 'வாலின் வித்தை' என்று தமிழிலே சொல்லலாம். எட்டுப் பாடல்கள், மொத்தம் 51 நிமிடம். டேவிட் ஹென்ற்சல் என்பவர் குழுவினரோடு இணைந்து தயாரித்தார். பன்னிரு தந்திக் கிற்றார்கள் பல ஒருங்கே மீட்டப்பெற, துயில்மருந்தினால் நனவுக்கும் கனவுக்கும் இடையே மிதக்கும் ஒருவனைப் பாடும் தாலாட்டு ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாக் காடுகளிலே மரந்தறிப்போர் சொல்லிவந்த ஒரு பிராணியின் கதை மற்றொன்று. தன் உருவத்தை எண்ணி எப்போதும் அழுதுகொண்டிருக்கும் அப்பிராணியை ஒருவன் பிடித்துச் சாக்கிலே கட்டிக்கொண்டு வருகிறான். சுமை திடீரென இலேசாகிறது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கண்ணீர் மட்டுமே இருக்கிறது. கொலின்ஸ் அன்று முயன்று பாடிய பாட்டு இதுவே. அழகு முதுமையிலே கரைவதைப் பாடும் மென்மையான பாட்டும் உண்டு. கள்வன் ஒருவனின் நகைச்சுவைக் கதையும் உண்டு. இக்கதையைக் கொலின்ஸ் குரல்மாற்றி நடித்தே பாடுகிறார். சிறுவயது நாடகப் பயிற்சி அங்கே கைகொடுத்தது.

தட்டுக்குப் பெயர் தந்த பாட்டு பாங்ஸ் இயற்றியது. ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங் 1955இலே எழுதிய 'த இன்ஹெரிற்றர்ஸ்' என்னும் நாவல் அதற்குத் தூண்டுகோலாயிற்று. மனித இனம் தோன்றியபோது அழிந்துபோன முன்னைய இனமொன்றின் கண்ணாலே உலகைக் காணும் நூல் அது. பாட்டிலே கொம்பும் வாலும் உடைய ஒருவன் தன் பொன்னகரை விட்டு நீங்கி மனிதர் உலகுக்கு வருகிறான். மனிதர் அவனைப் பிடித்துக் கூண்டிலே அடைத்து வேடிக்கை காட்டுகின்றனர். அவன் சொல்லும் பொன்னகரை எவரும் நம்புவதில்லை. தன்னூரைக் காட்டுவதாக அவர்களை அழைத்துச் செல்கிறான். அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவன் இல்லை. விட்டுப்போனவரைப் பற்றிய பாட்டென்று சிலர் இதனைக் கொள்வர். அவ்வாறு பொருள்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கூண்டும் வேடமும் வேடிக்கையும் பாட்டிலே இருத்தலால் அவ்வெண்ணம் எழுவதையும் தடுத்தற்கியலாது.

இசைத்தட்டின் உறையிலே மற்றொரு மாற்றமும் இருந்தது. முன்னர் ஐவரின் பொதுப்பெயரால் வந்த பாடல்கள், இம்முறை இன்னின்ன பாட்டு இன்னின்னார் இயற்றியது என்று பெயர் குறிக்கப்பெற்று வந்தன. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். எட்டுப் பாடல்களிலும் ரோனி பாங்சின் பெயர் உண்டு. இரண்டு பாடல்கள் அவருடையன மட்டுமே. மேடையின் ஓரத்திலே, விசைப்பலகைகளின் பின்னே, பெரும்பாலும் அவையோரை ஏறிட்டும் பாராமல் அமர்ந்திருந்த மனிதர் அவர். கேப்ரியலின் வேடத்தைக் கண்டு கைதட்டியவர்கள், அவ்வேடத்தின் பின்னே ஓடிய இசையின் பெரும்பகுதியை நெய்தவர் இவர் என்பதை அறிந்திலர். வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டிய இடம் இது. அரசன் கோயில் கட்டினான் என்று ஏடுகள் எழுதும். கல்தச்சன் பெயர் எழுதப்பெறுவதில்லை. அதனாற் கோயிலைக் கட்டியவன் அரசன் ஒருவனே என்று பின்வருவோர் நம்பிவிடுகின்றனர்.

என் நெஞ்சைத் தொட்டது தட்டின் இறுதிப் பாட்டு. அது பெரும்பாலும் குரலில்லாத வாத்திய இசை. முன்னர் வந்த பாடல்களின் சாயல்களை மீட்டு, வேகமாகச் சுழன்று, முடிவிலே மெல்ல ஓய்கிறது. ஓயும் தறுவாயிலே, கூர்ந்து கேட்டாலன்றிக் கேளாத அளவுக்குத் தொலைவிலிருந்து, கொலின்ஸ் ஓரிரு அடி பாடுகிறார். முன் சொன்ன 23 நிமிடப் பாட்டிலே கேப்ரியல் பாடிய பகுதியை நினைவூட்டும் அடிகள் அவை. விலகிய நண்பனுக்கு நால்வரும் விடைகொடுத்த விதம் அது. மேடையிலே சொற்பொழிவு இல்லை. பத்திரிகையிலே அறிக்கை இல்லை. இடத்தை நிரப்ப வந்தவர், இடத்துக்கு உரியவரின் பாட்டை, தாழ்ந்த குரலிலே ஒருமுறை பாடிவிட்டு அமைகிறார். அவ்வளவே.

இசைத்தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலிலே 3ஆம் இடத்தைப் பெற்றது. கேப்ரியலோடு செய்த இறுதித் தட்டு அங்கே 10ஆம் இடத்தையே எட்டியிருந்தது. கடன் தீரத் தொடங்கியது. 1976 மார்ச் 26ஆம் நாள், கனடாவிலே, இலண்டன் என்றே பெயர் பூண்ட நகரத்திலே, நால்வரும் மேடையேறினர். கொலின்ஸ் முன்வந்து பாட, அவருடைய இடத்திலே பில் புறூபட் என்னும் தேர்ந்த கலைஞர் மேளம் வாசித்தார். பாடுவதைக் காட்டிலும், பாட்டுகளின் நடுவே அவையோரோடு பேசுவதே கொலின்சுக்குப் பெரும் அச்சமாயிருந்ததாம். அவர் முகமூடி அணியவில்லை. கேப்ரியலைப் போல நடிக்கவும் முயலவில்லை. எளிய உடையிலே நின்று தம் இயல்பிலே பாடினார். அவையோர் ஏற்றனர்.

இதனால் யாதும் இழக்கப்பெறவில்லை என்று சொல்வது பொய்யாகும். கேப்ரியலின் வரிகளிலே இருந்த விபரீதமான கற்பனையும், கேட்பவரைச் சற்று அச்சுறுத்தும் கூர்மையும் பின்வந்த தட்டுகளிலே குறைந்தன. 'வாலின் வித்தை' அழகான படைப்பு. ஆனால் முந்தியவற்றினும் சாதுவானது. 1977இலே ஹக்கெற்றும் விலகினார். தாம் இயற்றியவற்றுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது அவருடைய குறை. மூவரான குழு, 1978இலே 'பிறகு மூவர் இருந்தனர்' எனப் பொருள்படும் பெயரிலேயே ஒரு தட்டை வெளியிட்டது. பாட்டுகள் சுருங்கின, எளிமையாயின, உலகெங்கும் விற்றன. பழைய அன்பர் சிலர் முகஞ்சுளித்தனர். ஓர் அமைப்புத் தப்பிப் பிழைப்பது ஒன்று. முன்னிருந்தவாறே இருப்பது வேறொன்று.

விலகியவரும் வீழ்ந்தாரில்லை. 1977இலே கேப்ரியல் தம் முதலாவது தனித்தட்டை வெளியிட்டார். பல நாட்டு இசைகளையும் ஒரே மேடைக்குக் கொணரும் 'வோமட்' விழாவைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 1982இலே நடந்த முதல் விழா பெருநட்டத்தைத் தந்தது. கடன் அவர் கழுத்தை நெரித்தபோது துணைக்கு வந்தவர்கள் யாரெனில், பழைய நண்பர்களே. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், மில்ற்றன் கீன்ஸ் நகரிலே, கொட்டும் மழையிலே, கேப்ரியலோடு சேர்ந்து ஒரே ஒருநாள் பாடி, அக்கடனைத் தீர்க்க உதவினர். முடிவிலே ஹக்கெற்றும் வந்து கலந்துகொண்டார். 1986 யூலையிலே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்த ஜெனசிஸ் பாட்டை அகற்றி அவ்விடத்தைப் பிடித்தது கேப்ரியலின் பாட்டு. இரு வழியாகப் பிரிந்தவர் இருவரும் ஒரே சிகரத்திலே சந்தித்தது போன்ற நிகழ்ச்சி அது.

நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று உண்டு. கேப்ரியல் 1989இலே வெளியிட்ட 'பாஷன்' என்னும் இசைத்தட்டிலே வயலின் வாசித்தவர் எல். சங்கர். சென்னையிலே பிறந்த அவர் தம் இளமையை யாழ்ப்பாணத்திலே கழித்தவர். அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயண ஐயர் அங்கே சங்கீதம் போதித்தவர். சாட்டர்ஹவுசிலே முளைத்த இசையும், யாழ்ப்பாணத்து வீடொன்றிலே பயின்ற வில்லும் ஒரு தட்டிலே கூடியிருக்கின்றன.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1996இலே கொலின்ஸ் விலகினார். பாங்சும் றதபோட்டும், முன்பு தப்பியவாறே இம்முறையும் தப்பலாம் என்று நம்பி, வெளியிலிருந்து இளம் பாடகர் ஒருவரை அழைத்து 1997இலே ஒரு தட்டை வெளியிட்டனர். அவர் நல்ல பாடகரே. ஆயினும் அமெரிக்காவிலே தட்டு போதிய அளவு விலைபோகவில்லை. அங்கே நடத்தவிருந்த இசைப்பயணத்தைக் கைவிடவேண்டியதாயிற்று. அதனோடு குழு ஓய்ந்தது. 1975இலே கைகூடியது 1997இலே ஏன் கைகூடவில்லை? காலத்தின் சுவை மாறிவிட்டது என்பது ஒரு காரணம். மற்றொன்றை நான் இவ்வாறு காண்கிறேன்: 1975இலே வேலை நால்வரிடமும் முன்னமே பரவியிருந்தது, பாடப்போகிறவரும் ஐந்தாண்டு அவர்களோடு வளர்ந்தவர். 1997இலே எஞ்சியவர் இருவர், வந்தவரோ புதியவர். எவர் போனாலும் காரியம் நடக்கும் என்று சிலர் எளிதாகச் சொல்வர். இவ்வரலாறு அதனை ஒப்பவில்லை. முன்னதாகவே பகிர்ந்து செய்த காரியமே நடக்கும்.

இதனை அறிந்தபோது என் பாடசாலையின் நிலையும் எனக்கு விளங்கிற்று. சென்ற ஆசிரியர்மேற் குறையில்லை. இடமாற்றம் அரச சேவையின் இயல்பு. குறை என்னுடையதே. எத்தனையோ ஆண்டுகளாக, பாட்டு என்றால் அவரிடம் சொல்லுங்கள் என்று சொல்லி நான் விலகியிருந்தேன். பாட்டுகள் அவருடைய கொப்பியிலே இருந்தன. கொப்பி அவருடைய பையிலே இருந்தது. மூத்த மாணவர் எவரையேனும் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருநாளேனும் நான் பணித்ததில்லை. அடுத்த தவணையிலே ஒரு சிறு மாற்றம் செய்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் வாரம் ஒருநாள் ஆறாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினர். முதலிலே சுருதி சேரவில்லை. நெடுநாட் சேரவில்லை. இப்பொழுது காலை வழிபாடு முடிந்தபின் மண்டபத்து மூலையிலிருந்து மீண்டும் ஒலி கேட்கிறது. முன்னிருந்த ஆசிரியர் எடுத்த தரத்துக்கு அது இன்னும் வரவில்லை. அவர் சொல்லித்தந்த பாட்டொன்றையே முதலிற் பாடுகிறார்கள்.

ஜெனசிஸ் குழுவின் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 2022 மார்ச் 26ஆம் நாள், இங்கிலாந்தின் இலண்டன் மாநகரிலே, அவர்கள் தம் இறுதி நிகழ்ச்சியை நடத்தினர். கொலின்ஸ் நோயினால் நலிந்து, கதிரையில் அமர்ந்தபடி பாடினார். மேளம் வாசிக்கும் வலு அவர் கைகளிலே இல்லை. அவருடைய மகனே அவ்விடத்திலிருந்து வாசித்தார். கனடாவின் இலண்டனிலே, அஞ்சியவாறு முன்வந்து நின்ற அந்த முதல் இரவிலிருந்து சரியாக 46 ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்றிரவு அவையோரின் நடுவே ஒரு முதியவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பீற்றர் கேப்ரியல். மேடைக்கு அவர் ஏறவில்லை, கேட்க வந்திருந்தார்.